பெர்பெத்துவா தன் கையால் எழுதிய சிறைக்குறிப்பு: வாசித்தவர்கள் வாருங்கள், பேசலாம்

விளக்குத்தூண்:

மார்ச் 7 பெர்பெத்துவா, பெலிசித்தா என்ற மறைசாட்சியரின் (விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களின்) நினைவு நாள். நம் பங்குகளில் அந்த நாள் வந்த சுவடே தெரியாமல் போய்விடுகிறது. அநேகமாக எல்லா ஆண்டும் அது தவக்காலத்துக்குள் விழுவதால் தனிச் சிறப்பு கிடையாது; பூசையில் ஒரு செபத்தோடு சரி. முதல் நற்கருணை மன்றாட்டைச் சாமியார் சுருக்காமல் முழுதாகச் சொல்லும் நாளில், ஆகத்தா, லூசியா, ஆக்னஸ், செசிலியா என்று போகும் வரிசைக்கு முன்னால் இந்த இரண்டு பெயர்களும் வரும். நமக்கும் அவர்களுக்கும் உள்ள பழக்கம் அவ்வளவுதான். எனக்கு இது நெடுநாள் ஆற்றாமை.

இடம் கார்த்தேஜ், இன்றைய துனிஸ் நகரத்தை ஒட்டிய ஊர். ஆண்டு கி.பி. 203. செப்திமியுஸ் செவெருஸ் ரோமைப் பேரரசர். ஞானஸ்நானத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த இளைஞர் சிலரைப் பிடிக்கிறார்கள். ரெவோகாத்துஸ், அவரோடு அடிமையாக இருந்த பெலிசித்தா, சாத்தூர்னினுஸ், செக்குந்துலுஸ், அப்புறம் விபியா பெர்பெத்துவா. பெர்பெத்துவா நல்ல குடும்பத்துப் பெண், படித்தவர், மணமானவர். வயது சுமார் 22. பால்குடி மறவாத ஆண் குழந்தை ஒன்று. இவர்களுக்கு மறைக்கல்வி தந்த சாத்தூருஸ் அப்போது அங்கே இல்லை. பிறகு தானாகவே வந்து சேர்ந்துகொண்டார்.

ஆதித் திருச்சபையின் மறைசாட்சியர் வரலாறுகளில் பெரும்பாலானவை பிறர் எழுதியவை, அதுவும் பல தலைமுறை கழித்து. பெர்பெத்துவா சிறையில் இருந்தபடி தானே எழுதினார். வேறொருவர் முன்னுரை சேர்த்து, அரங்கில் (மக்கள் வேடிக்கை பார்க்க விலங்குகள் முன் விட்டுக் கொல்லும் இடத்தில்) நடந்ததைக் கடைசியில் எழுதி முடித்திருக்கிறார். நடுவில் இருப்பது அந்தப் பெண்ணின் குரல். கிறிஸ்தவப் பெண் ஒருவர் எழுதி நம் கைக்கு வந்து சேர்ந்தவற்றில் இதைவிடப் பழையது அரிது.

குறிப்பு அப்பாவோடுதான் தொடங்குகிறது. மனத்தை மாற்றிக்கொள் என்று அவர் கெஞ்ச, மகள் பக்கத்தில் கிடந்த பாத்திரத்தைக் காட்டி, "அப்பா, இந்தக் குடத்தைக் குடம் என்றல்லாமல் வேறு பெயரால் சொல்ல முடியுமா?" என்று கேட்கிறாள். "முடியாது." "நானும் அப்படித்தான். கிறிஸ்தவள் என்பதல்லாமல் வேறாக என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது." அப்பா அவள் கண்ணைப் பிடுங்குவதுபோலப் பாய்கிறார். பிறகு தோற்றுப்போய்த் திரும்புகிறார்.

வாசித்தவர்கள் எழுதுங்கள். வாசிக்காதவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடற்கரைச்செல்வி:

அண்ணா, நான் வாசித்திருக்கிறேன். மனம் ஒட்டவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். எனக்கும் கைக்குழந்தை இருக்கிறது. பேரரசரின் நலத்துக்காக ஒரு சிட்டிகை தூபம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் அந்தப் பிள்ளைக்குத் தாய் இருந்திருப்பாள். விசுவாசம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டுச் சாகப் போவதைப் பிரசங்கத்தில் கேட்டு எல்லாரும் ஆமென் சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. என்னைப்போல யாருக்காவது தோன்றியிருக்கிறதா?

விளக்குத்தூண்:

செல்வி, உங்களுக்கு நெஞ்சு அடைப்பது போலத்தான் அந்தப் பெண்ணுக்கும் அடைத்தது. குழந்தை வரும் இடங்களை மட்டும் சேர்த்துப் பார்த்தால் இது தெரியும்.

சிறைக்குள் போனதும் முதலில் இருட்டைப் பற்றி எழுதுகிறார். அப்படி ஓர் இருட்டை அதுவரை கண்டதில்லை. கூட்ட நெரிசலில் புழுக்கம். காவலர்கள் காசு பறிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் கவலை தன்னை வதைத்தது என்கிறார். தெர்தியுஸ், பொம்போனியுஸ் என்ற இரண்டு திருத்தொண்டர்கள் காவலர்களுக்குப் பணம் கொடுத்து, சில மணி நேரம் சிறையின் நல்ல பகுதியில் இவர்களை இருக்கவைக்கிறார்கள். அந்த நேரத்தில் இவர் செய்கிற முதல் வேலை, பசியில் துவண்டுபோன பிள்ளைக்குப் பால் கொடுப்பது. பிறகு பல நாள் போராடி, குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி வாங்குகிறார். உடனே உடம்பு தேறுகிறது. சிறை எனக்கு அரண்மனை ஆனது, வேறெங்கும் இருக்க விரும்பவில்லை என்று எழுதுகிறார்.

தீர்ப்புக்குப் பிறகு பொம்போனியுஸை அனுப்பிக் குழந்தையைக் கேட்கிறார். அப்பா தர மறுத்துவிடுகிறார். அதன்பின் பிள்ளை முலைப்பாலைத் தேடவும் இல்லை, தனக்குப் பால் கட்டி வலிக்கவும் இல்லை என்கிறார். பிள்ளையை நினைத்த தவிப்பும் மார்வலியும் தன்னை வருத்தாதபடி கடவுள் பார்த்துக்கொண்டதாக அதை எடுத்துக்கொள்கிறார். பாசம் அற்றுப்போனவள் மார்வலியைப் பற்றி எழுத மாட்டாள். குழந்தையை உதறிவிட்டு வானத்தைப் பார்த்த வீராங்கனை என்று பிரசங்கம் வைப்பவர்கள் இந்தக் குறிப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதே என் எண்ணம்.

பழையபனை:

எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள், இருவரும் கட்டிக்கொடுத்துப் போய்விட்டார்கள். அதனால் நான் இந்தக் கதையை அப்பாவின் பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன்.

அந்த மனிதர் மீண்டும் மீண்டும் வருகிறார். விசாரணைக்கு முன் வந்து, "மகளே, என் நரைத்த தலைக்கு இரங்கு. உன் அண்ணன் தம்பிகளைவிட உன்னையே உயர்த்தி வைத்தேனே" என்கிறார். கையை முத்தமிடுகிறார். காலில் விழுகிறார். மகள் என்று அழைப்பதை விட்டுவிட்டு, அம்மணி என்று அழைத்து அழுகிறார். ரோமை நாட்டுக் குடும்பத்தில் தகப்பன் சொல்தான் சட்டம். அப்படிப்பட்ட ஒருவர் மகள் காலில் விழுகிறார்.

விசாரணை மேடைக்கே பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். ஆளுநர் இறந்துபோனதால் அவர் இடத்தில் இருந்த இலாரியானுஸ், அப்பாவின் நரையையும் பிள்ளையின் இளமையையும் பார், பேரரசர்களின் நலத்துக்காகப் பலி செலுத்து என்கிறான். அவள் சொன்ன பதில், "மாட்டேன்." நீ கிறிஸ்தவளா என்று கேட்க, "நான் கிறிஸ்தவள்." அப்பா அப்போதும் விடாமல் மன்றாட, அவரைத் தள்ளிக் கீழே வீழ்த்தி, கோலால் அடிக்கச் சொல்கிறான். என்னையே அடித்தது போல வலித்தது, அவருடைய பரிதாபமான முதுமைக்காக வருந்தினேன் என்று எழுதுகிறாள்.

சரி, அவளை யாரும் விமர்சிக்கட்டும். ஆனால் எதிர்த்து நின்ற தகப்பனைப் பகைவனாக எழுதாத அந்த மனசுக்கு முன்னால் நான் கைகூப்பத்தான் செய்வேன். குடும்பத்தில் தன் சாவை நினைத்து மகிழாதவர் இவர் ஒருவர்தானே என்று அவருக்காகத்தான் அதிகம் துக்கப்படுகிறாள்.

ஒரு கேள்வி. கணவன் எங்கே? அடியிலிருந்து நுனிவரை தேடினேன், ஆளையே காணோம்.

ஏட்டுப்பூச்சி:

ஐயா, கணவரைப் பற்றி உரையில் ஒரு சொல்லும் இல்லை. மணமானவர் என்று முன்னுரை சொல்வதோடு முடிந்தது. அதை வைத்து இறந்துவிட்டார், கைவிட்டுவிட்டார், சாத்தூருஸ்தான் கணவர் என்றெல்லாம் ஊகங்கள் உண்டு. ஊகத்தை ஊகமாகவே விட்டுவிடலாம்.

உரை எப்படி நமக்கு வந்தது என்று இரண்டு சொல். மோந்தே கசீனோ மடத்தில் ஒல்ஸ்தேனியுஸ் என்ற அறிஞர் இலத்தீன் சுவடி ஒன்றைக் கண்டெடுத்தார். அது 1663-இல் அச்சானது. 1889-இல் ரெண்டல் ஹாரிஸ் எருசலேமில் கிரேக்கப் பிரதி ஒன்றைக் கண்டுபிடித்தார். எது மூலம் என்ற வாதத்தில் இன்று பெரும்பாலோர் இலத்தீன் பக்கம். நடையைப் பார்த்தாலே தெரியும் என்கிறார்கள். முன்னுரைக்காரர் அலங்காரமாக எழுதுகிறார்; பெர்பெத்துவாவின் பகுதி சின்னச் சின்ன வாக்கியங்களாக, பேசுவது போல ஓடுகிறது. சாத்தூருஸ் தான் கண்ட காட்சியைத் தானே எழுதிச் சேர்த்திருக்கிறார். அது இன்னொரு நடை.

மொந்தானியர் (புதிய இறைவாக்குகளை வலியுறுத்திய பழைய கிறிஸ்தவ இயக்கத்தார்) தொடர்பு என்ற பழைய சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது கேட்பார்கள். ஆவியார் இன்றும் புதிய காட்சிகளைத் தருகிறார் என்று முன்னுரை அழுத்திச் சொல்வதால், இதைத் தொகுத்தவர் அந்த இயக்கத்துக்கு நெருக்கமானவர் என்று கருதுவோர் உண்டு. கார்த்தேஜ் எழுத்தாளர் தெர்த்துல்லியனே தொகுத்தார் என்றும் சிலர் சொன்னார்கள், உறுதிப்படவில்லை. ஆனால் வட ஆப்பிரிக்கத் திருச்சபை முழுவதும் இவர்களைத் தன் பிள்ளைகளாகவே கொண்டாடியது. எனக்கு அந்தச் சான்று போதும்.

பிரசவவார்டு:

நான் செவிலியர். பெலிசித்தாவைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கைதானபோது அவர் கர்ப்பிணி. எட்டு மாதம். கர்ப்பிணிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பது ரோமைச் சட்டம். அதனால் அவருக்கு வந்த பயம் வேறு மாதிரி: தன்னை மட்டும் விட்டுவைத்து, பிறகு கொலைகாரர்களோடு சேர்த்துக் கொன்றுவிடுவார்களோ என்று. அரங்குக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது எல்லாரும் கூடிச் செபிக்கிறார்கள். செபம் முடிந்த கையோடு வலி எடுக்கிறது.

எட்டாம் மாதப் பிரசவம், சிறைத் தரையில். வலியில் கத்துகிறார். காவலாள் ஒருவன், "இதற்கே இப்படிக் கத்துகிறாயே, விலங்குகள் முன்னால் என்ன செய்வாய்?" என்று கேட்கிறான். அவர் சொன்ன பதில்: "இப்போது படுவதை நான் படுகிறேன். அங்கே எனக்காகப் பாடுபட என்னுள் வேறொருவர் இருப்பார், ஏனென்றால் நானும் அவருக்காகப் பாடுபடப் போகிறேன்." பிறந்தது பெண் குழந்தை. சகோதரி ஒருத்தி எடுத்துத் தன் மகளாக வளர்த்தாள்.

பிறகு அரங்கில் நடந்தது. இரு பெண்களையும் உடை களைந்து வலையில் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். ஒருத்தி மெல்லிய இளம்பெண். மற்றவள் பிரசவித்த உடம்போடு, மார்பில் பால் வடிய நிற்கிறாள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டமே அதிர்ந்துபோய், அவர்களைத் திருப்பி அழைத்து ஆடை உடுத்தி அனுப்பவைத்தது. பிரசவமாகி மூன்றாம் நாள் பால் எப்படிச் சுரக்கும், துணி எப்படி நனையும் என்று தினமும் பார்க்கிறவள் நான். இந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரம் ஆகும்.

இன்னொன்று. படங்களில் பெர்பெத்துவாவை எசமானியாகவும் பெலிசித்தாவை அவருடைய வேலைக்காரியாகவும் காட்டுகிறார்கள். உரை அப்படிச் சொல்லவில்லை. ரெவோகாத்துஸோடு அடிமையாக இருந்தவர் என்று மட்டும்தான் இருக்கிறது. யாருடைய அடிமை என்று இல்லை.

மன்னார்க்கரை:

அக்கா, நன்றாக எழுதினீர்கள். நான் மன்னாரில் இருந்து. 1544-இல் எங்கள் மண்ணில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற சனங்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆட்கள் வெட்டிச் சாய்த்தார்கள். சுமார் 600 பேர் என்று சொல்லப்படுகிறது. அதில் எத்தனை தாய்மார், என்ன கதைத்தார்கள், பிள்ளைகளை யாரிடம் கொடுத்தார்கள், ஒன்றும் எழுதிவைக்கப்படவில்லை. அதனால் 1300 வருசத்துக்கு மேலே முந்தின ஒரு ஆப்பிரிக்கப் பெண்ணுடைய குறிப்பு முழுசாக இருக்கிறது என்றால் எனக்கு அது பொக்கிசம்.

அந்தத் தலைமுடி ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவர்கள் மேல் ஏவியது முரட்டுப் பசுமாடு ஒன்று. அது முட்டித் தூக்கி எறிந்ததில் பெர்பெத்துவா இடுப்பு அடிபட விழுகிறா. எழுந்து உட்கார்ந்து, கிழிந்த உடையை இழுத்துத் தொடையை மூடுகிறா. பிறகு ஊசியைத் தேடி எடுத்துக் கலைந்த முடியை முடிகிறா. விரிந்த தலை துக்கத்துக்கு அடையாளம். தன் மகிமையின் நேரத்தில் துக்கம் கொண்டாடுவதுபோலத் தெரியக் கூடாது என்று. அதன்பிறகு கீழே கிடந்த பெலிசித்தாவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். சீமாட்டியும் அடிமையும். எங்கள் பக்கத்தில் சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டம் பிரித்தவர்கள் இந்தக் காட்சியை வாசிக்க வேண்டும்.

கடற்கரைச்செல்வி:

எல்லாருக்கும் நன்றி. குழந்தை வரும் பகுதிகளை அண்ணா சொன்னபடி தனியாகத் திரும்ப வாசித்தேன். தாயாக எனக்குள்ள வலி போகவில்லை. ஆனால் அவரோடு பேச முடியும் என்று இப்போது தோன்றுகிறது; முன்பு தோன்றவில்லை.

அந்தத் தம்பி கனவு என்ன? அது எனக்குப் பிடிபடவே இல்லை.

விளக்குத்தூண்:

தினோக்ராத்தெஸ். பெர்பெத்துவாவின் தம்பி, முகத்தில் புற்று வைத்து ஏழு வயதில் இறந்துபோனவன். ஒருநாள் செபத்தின் நடுவே தன்னையறியாமல் அவன் பெயர் வாயில் வருகிறது. இவ்வளவு நாள் நினைக்காமல் இருந்தேனே என்று கலங்கிப்போய் அவனுக்காகச் செபிக்கிறார். அன்று இரவு காட்சி. இருட்டான இடத்திலிருந்து வருகிறான். அழுக்கு, தாகம், முகத்தில் சாகும்போது இருந்த அதே புண். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஆனால் விளிம்பு அவன் உயரத்துக்கு எட்டவில்லை. எக்கி எக்கிப் பார்க்கிறான்.

விழித்தெழுந்து இரவும் பகலும் அவனுக்காக அழுது செபிக்கிறார். பிறகு இன்னொரு காட்சி. சுத்தமான உடம்பு, நல்ல உடை, புண் இருந்த இடத்தில் தழும்பு. தொட்டியின் விளிம்பு அவன் தொப்புள் அளவுக்கு இறங்கியிருக்கிறது. பொற்கிண்ணத்தில் தண்ணீர் குடித்துவிட்டு, சின்னப் பிள்ளைகள் போல விளையாடப் போகிறான்.

இறந்தவர்களுக்காக நாம் பூசை கேட்கிறோமே, அந்த நம்பிக்கைக்கு இவ்வளவு பழைய சாட்சி வேறு அதிகம் இல்லை. கைவிலங்கோடு சாவுக்குக் காத்திருப்பவர் என்றோ போய்விட்ட தம்பிக்காக அழுகிறார் பாருங்கள்.

ஏட்டுப்பூச்சி:

இதில் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தினார் ஓர் எச்சரிக்கை தருகிறார். ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கும் மோட்சம் உண்டு என்பதற்குத் தினோக்ராத்தெஸை ஆதாரமாக ஒருவர் காட்டியபோது, இந்த நூல் திருமறை நூல்களில் ஒன்றல்ல, பையன் ஞானஸ்நானம் பெற்றிருக்கலாமே என்று பதில் எழுதினார். அப்படி எச்சரிக்க வேண்டி வந்ததே இந்த உரைக்கு எவ்வளவு மரியாதை இருந்தது என்று காட்டுகிறது. அவர் காலத்தில் ஆப்பிரிக்கக் கோயில்களில் திருநாளன்று இதை மக்கள் முன் வாசித்தார்கள். அந்த நாளில் அவர் வைத்த மறையுரைகளும் கிடைத்திருக்கின்றன.

வணக்கம் எவ்வளவு சீக்கிரம் பரவியது என்றும் சொல்லிவிடுகிறேன். 354-ஆம் ஆண்டு ரோமை நாள்காட்டியில் மார்ச் 7-க்கு நேராக இவர்கள் பெயர் இருக்கிறது. ரோமையில் சாகாத வெளிநாட்டு மறைசாட்சியர் அந்தப் பட்டியலில் வெகு சிலரே. கார்த்தேஜில் இவர்கள் உடல் அடக்கமான பெரிய கோயிலை வந்தாலர்கள் (வட ஆப்பிரிக்காவைக் கைப்பற்றிய ஜெர்மானிய இனத்தார்) பிடித்துக்கொண்டார்கள் என்று விட்டா ஊர் ஆயர் விக்டர் எழுதியிருக்கிறார். பிற்பாடு கோயில் மண்ணோடு மண்ணாகப் போயிற்று. தெலாத்திர் என்ற குருவானவர் அங்கே தோண்டி, 1907-இல் இவர்கள் பெயர் பொறித்த கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினார். இத்தாலியின் ரவேன்னாவில் ஆயர் சிற்றாலயத்துக் கற்பதிகை ஓவியத்தில் இருவரின் முகங்களும் இன்றும் இருக்கின்றன.

நாளிலும் ஒரு சிக்கல் நடந்தது. மார்ச் 7 பிற்காலத்தில் தோமா அக்குவினாருக்குப் போய்விட்டது. 1908-இல் இவர்களுக்கு 6-ஆம் தேதியைக் கொடுத்தார்கள். 1969 நாள்காட்டிச் சீர்திருத்தத்தில் அக்குவினாரை ஜனவரி 28-க்கு மாற்றியபிறகுதான் சொந்த நாள் திரும்பக் கிடைத்தது.

பழையபனை:

கடைசிக் காட்சியை யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். குற்றுயிராய் இருந்தவர்கள் தாங்களே எழுந்து, மக்கள் பார்க்க விரும்பிய இடத்துக்கு நடந்து போகிறார்கள். ஒருவருக்கொருவர் சமாதான முத்தம் கொடுத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் அசையாமல் வாளை ஏற்கிறார்கள். செக்குந்துலுஸ் முன்பே சிறையில் இறந்துவிட்டார். பெர்பெத்துவாவிடம் வந்த வாள்வீரன் புதியவன். வெட்டு எலும்பில் பட்டு அவள் அலறுகிறாள். பிறகு நடுங்குகிற அவன் கையைத் தானே பிடித்துத் தன் தொண்டையில் வைக்கிறாள்.

அலறினாள் என்பதை எழுதியவர் மறைக்கவில்லை. புனிதர்களுக்கு வலிக்காது என்று சொல்லிக்கொடுக்கிற கதைகளை நான் சின்ன வயதிலிருந்தே நம்பியதில்லை. இதை நம்புகிறேன்.

பிரசவவார்டு:

ஐயா சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்று உண்டு. வலிக்கிறது என்று சொல்கிற புனிதர்கள்தான் பிரசவ வார்டில் தேவைப்படுகிறார்கள். தாய்மாருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இவர்கள் இருவரும் பாதுகாவலர்கள். அடுத்த முறை குறைமாதப் பிரசவத்துக்கு யாராவது வந்தால் பெலிசித்தாவை வேண்டிக்கொள்வேன்.

மன்னார்க்கரை:

எங்கள் பங்கில் மார்ச் 8 மகளிர் நாளுக்குக் கூட்டம் வைப்பார்கள். இந்த வருசம் அதிலே இந்தக் குறிப்பில் ஒரு பகுதி வாசிக்கலாம் என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன், சரி என்றார். எதை வாசிக்கிறது?

விளக்குத்தூண்:

அருமை. நேரம் குறைவு என்றால் விசாரணைப் பகுதியையும், அதற்குப் பிறகு குழந்தையைக் கேட்டு ஆள் அனுப்புவதையும் சேர்த்து வாசியுங்கள். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் வாசிக்க வேண்டாம். பெலிசித்தாவின் பிரசவத்தைக் கட்டாயம் சேருங்கள். அரங்கை விரிவாக வாசிப்பதைவிட, பெர்பெத்துவா தன் எழுத்தை நிறுத்துகிற இடத்தில் நிறுத்துவது நல்லது. அரங்கு விளையாட்டுக்கு முந்தின நாள்வரை நான் எழுதிவிட்டேன், அங்கே நடப்பதை விரும்புகிறவர் எழுதட்டும் என்று சொல்லி முடிக்கிறார். மறைக்கல்விப் பிள்ளைகளும் வருவார்கள் என்றால் தினோக்ராத்தெஸை முதலில் வையுங்கள், அவர்கள் வயதுப் பையன். நான் மொழிபெயர்த்து வைத்திருக்கிற பகுதிகளை இன்று இரவு இங்கேயே பதிவிடுகிறேன். ஏட்டுப்பூச்சி தம்பி, இலத்தீனோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுங்கள்.